உன் தாத்தாவுக்கு எந்த வேடம்

இதைப் படிக்கும்போது என்னைவிட உயரமாக வளர்ந்திருக்கப்போகும் என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. உன் அப்பாவாக யார் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நீ மகனா மகளா என்பதும் தெரியாது. மகன் என்று வைத்துக்கொண்டால் எழுத வருகிறது, அவ்வளவுதான். உனக்கு எழுதுவதற்குக் காரணம், இந்த ஊரில் இப்போது வேறு யாரிடமும் எதையும் சொல்ல முடியாது என்பதே. பஸ்ஸில் பேசக்கூடாது, பால் டிப்போ வரிசையில் பேசக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி அனுப்புகிறாள். எமர்ஜென்ஸி. டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கிலேயே மாடி வீட்டு மாமா ஒருவர் மாவு மில்லில் நின்றுகொண்டு ஏதோ வேடிக்கையாகச் சொன்னார் என்று கூட்டிப்போனார்கள். சில நாளில் திரும்பிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் குரலை யாரும் கேட்கவில்லை. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், உள்ளே போய்விடுகிறார். இந்த ஊரில் இல்லாத ஒரே ஆள் நீதான். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் அங்கீட்டி என்கிற கரி அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் கதவிடுக்கில் போகாதபடி மெழுகுவத்தியை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மா இருமினால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அப்பாவின் குறட்டை கேட்கிறது. இந்த மாதம் முழுக்க அவர் தூங்கவில்லை; புரண்டு புரண்டு கட்டில் முனகும். இன்று நன்றாகத் தூங்குகிறார். எனக்குப் பயமாக இருப்பது அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான்.

உனக்கு உன் தாத்தாவைப் பிடிக்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இந்தியா கேட் புல்வெளியில் நடப்பார். வேர்க்கடலையை உரித்து, தோலை ஊதி, உன் கையில் பருப்பை மட்டும் கொட்டுவார். எனக்கு அப்படித்தான் செய்தார். டைபாயிடு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தே எல்லா ராத்திரியையும் கழித்தார். நர்ஸ் விரட்டினால் போவார், திரும்பவும் வருவார். இதையெல்லாம் உனக்கு எல்லோரும் சொல்வார்கள். நானே சொல்வேன். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு நான் எப்படிப்பட்ட ஆளாகிவிடுவேனோ, மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்று இப்போதே சந்தேகமாக இருக்கிறது. ஆகவே மறக்கத் தொடங்குவதற்கு முன் எழுதிவைக்கிறேன். நீ டெல்லியில் வளர்ந்தால் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம். அப்படியானால் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல். என்னிடம் கொடுக்காதே. நான் சில வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன்.

முதலில் ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். மந்திர் மார்க்கில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். ஒரு காலனியில் தண்ணீர்ப் பஞ்சம். பொதுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஒருவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் மகளுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வைத்தியத்துக்காக அவன் ஊர் அடங்கியதும் தண்ணீரைத் திருட்டுத்தனமாக விற்கிறான். கடைசியில் அகப்பட்டானா இல்லையா என்பதுதான் நாடகம். அதைப் படித்துப் பார்த்த தமிழ் மிஸ், ஓரத்தில் பென்சிலால் 'ஆன்ட்டி ஹீரோ' என்று எழுதித் தந்தார். எங்களுக்குப் புரியவில்லை. வில்லனுக்கு இங்கிலீஷில் இன்னொரு பெயர் என்று நினைத்தோம். மிஸ் சிரித்துவிட்டு, "வில்லன் கதாநாயகனுக்கு எதிர்ல நிப்பான். இவன் கதாநாயகன் நிக்க வேண்டிய எடத்துலயே நிக்கறான். ஆனா அந்த எடத்துக்கு வேண்டிய தைரியமோ நேர்மையோ இவன்கிட்ட இல்ல. கதை இவன் பின்னாடியேதான் போகுது, நாமும் கூடவே போறோம்" என்றார். மணி அடித்துவிட்டது, அவரும் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மிச்சத்தை நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். குழாய்க்காரன் வேடம் என் சிநேகிதி வசந்தாவுக்கு. கண்மையால் மீசை வரைந்துகொண்டு, அவள் அண்ணனின் கால்சராயை இழுத்து இழுத்துப் பிடித்தபடி ஒத்திகைக்கு வருவாள். வசனம் எல்லாம் பாடமாகிவிட்டது. ஆனால் ஒருநாள் பாதியில் நின்றுவிட்டாள்.

"இந்தா பாருடி, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் திருடிண்டு போறச்சே ஜனங்க கை தட்டணுமா, காறித் துப்பணுமா?"

"ரெண்டும் கூடாது. உட்கார்ந்த எடத்துல நெளியணும்."

"நெளியறதுக்கு எதுக்குடி டிராமா? நம்ம ஸ்கூல் பெஞ்சுல இருக்கிற மூட்டைப்பூச்சியே போதுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது என்னை விடவில்லை. எழுதினவளாயிற்றே, பதில் சொல்ல வேண்டாமா? யோசித்துப் பார்த்து ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தேன். முதல் காட்சியில் குழாய்க்காரனைக் குழாயடியில் காட்டக்கூடாது. வீட்டில் காட்ட வேண்டும். பார்வை மங்கிவரும் மகளின் தட்டில் சாதத்தைப் பிசைந்து, அவள் கைக்கு எட்டுகிற பக்கமாக உருட்டி வைக்கிறான். அவ்வளவுதான், ஒரு நிமிஷக் காட்சி. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவன் எதைத் திருடினாலும் ஜனங்கள் அவன் அகப்படக்கூடாது என்றே நினைப்பார்கள். ஒத்திகை பார்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிஜமாகவே "ஓடு, ஓடு" என்று கத்தின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதையில் ஒருவனை மன்னிக்க வைப்பது இத்தனை சுலபமா என்று ஆச்சரியப்பட்டேன். நீயும் ஒருநாள் கதை எழுதலாம், அல்லது படிக்கிறவனாக மட்டும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், யாரை முதலில் வீட்டுக்குள் வைத்துக் காட்டுகிறார்கள் என்று கவனி. உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது நானும் வேர்க்கடலையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக அப்படி எழுதியது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஒரு சர்க்கார் ஆபீசில் மேல்நிலைக் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். இந்தக் குளிர் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஆபீசில் எல்லோரிடமும் 'கேஸ்' கேட்க ஆரம்பித்தார்கள். கேஸ் என்றால் ஆள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு, இங்கே எல்லோரும் சொல்கிறபடி நஸ்பந்திக்கு, ஒவ்வொருவரும் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சம்பளம் நிற்கும், குவார்ட்டர்ஸ் போகும் என்று சொன்னார்கள். அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நிஜமாகவே நின்றுவிட்டது. அவர் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரிசி கேட்டுவிட்டு, வாங்கிக்கொள்ளாமலேயே அழுதுகொண்டு போனாள். அன்று அப்பா சாப்பிடவில்லை.

முதல் கேஸாக அப்பா தன்னையே கொடுத்தார். நான் ஒரே பெண். அம்மாவுக்கு இன்னும் ஒரு குழந்தை வேண்டும், மகனாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அப்பா அவளிடம் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டுக் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். அம்மா வெகுநாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "உங்களுக்காகத்தானட்டி செஞ்சேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார், அவளுக்குக் கேட்கும்படியாக. இத்தோடு விட்டுவிடுவார்கள் என்று அவர் நம்பியிருந்தார். ஆபீசில், அது உங்கள் கடமை, இனிமேல் வெளியாள் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள்.

வெளியாள் என்றால் அப்பாவுக்கு யாரைத் தெரியும்? எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. அந்தச் சாக்கடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜுக்கிகள், குடிசைகள். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள், தென்னார்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அஞ்சலை அக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் புருஷன் காத்தவராயன் கலவை சுமக்கிறார். அவரை எல்லோரும் காத்தான் என்பார்கள், நான் காத்தண்ணன் என்பேன். அவர்களுக்கு இந்தி வராது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலாவுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள், இந்தி தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இது இங்கே வழக்கம். சின்ன வயதிலிருந்தே நான் அதைச் செய்கிறேன். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், இவர்கள் சொல்வதை இந்தியில் சொல்வேன். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தருவார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

அஞ்சலை அக்காவுக்கு இரண்டு தடவை குழந்தை தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் நான்தான் கூடப் போனேன். இரண்டாவது தடவை அந்த டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "போல்தோ இஸ்கோ, அக்லா ரஹேகா" என்றாள். "அடுத்தது தங்கும்னு சொல்றாங்கக்கா" என்றேன். அஞ்சலை அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லிட்டில்ல பாப்பா, தங்கும்" என்றாள். சொன்னது நான் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர்கள் இருவரும் என் வாயைத்தான் நம்புவார்கள்.

நேற்று மாலை அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார். அம்மா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நாளைக்குக் காலையில காத்தானைக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போணும். நீயும் வா. ஸ்கூலுக்குக் கொஞ்சம் லேட்டாப் போயிக்கிடலாம்."

"எங்கப்பா?"

"கேம்ப். அவனுக்கு ஒரு பிளாட் ஏற்பாடு பண்ணுதேன். ஜமுனா ஆத்துக்கு அந்தப் பக்கம். இங்க ஜுக்கிய எல்லாம் இடிக்கப் போறாங்கள்லா, அதுக்கு முந்திப் பேர் பதியணும்."

"அதுக்குக் கேம்ப் எதுக்கு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கிழங்கைப் பார்த்தாள். "ஒரு ஊசி போடுவாங்க. அம்புட்டுதான். பாப்பா வந்தா வாரேங்கான். நீ ஒண்ணும் பேசாண்டாம், கூட வந்து நின்னாப் போதும்."

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. "அப்பா, அவங்களுக்கு இன்னும் கொழந்தையே இல்லியே" என்றேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ லேசை அவிழ்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, "எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "பிளாட் நெசமாவே கெடைக்கும். நான் பேசிட்டேன். நாலாவுல கெடக்குறதுக்கு, சொந்தமா ஒரு எடம். கொழந்த எங்கயிருந்தாச்சும் எடுத்து வளத்துக்கிடலாம். இந்த மாசம் சம்பளம் வரலேன்னா நாம எங்கட்டி போறது? சொல்லு. நீயே ஒரு வழி சொல்லு, அப்பா அதையே செய்யுதேன்." உண்மையாகவே கேட்டார். அம்மா அங்கிருந்தபடியே, "புள்ளைய எதுக்குங்க இதுல இழுக்கீங்க?" என்றாள். போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, கவனி. என்னை இழுக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

படுத்தபிறகு, மிஸ் எழுதித் தந்த அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வில்லன் இல்லை. பயந்தவர். தன் உடம்பையே முதலில் கொடுத்தவர். காத்தண்ணனுக்கு நிஜமாகவே ஒரு பிளாட் வாங்கித் தந்துவிடுவார், சொன்னதைச் செய்கிறவர். ஆகவே ஆன்ட்டி ஹீரோ என்று பெயர் வைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் பிறகு என்னை எழுப்பி உட்கார வைத்தது. குழாய்க்காரனைப் பார்த்து "ஓடு" என்று கத்திய பிள்ளைகள் எல்லோரும் அவன் வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்கள். வெளியே குடத்தோடு நின்றவளைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அஞ்சலை அக்கா இந்தக் கதையைச் சொன்னால் அப்பாவுக்கு அந்த நல்ல பெயர் கிடைக்காது. அது ஒரு மனிதன் எவ்வளவு நல்லவன் என்று அளக்கிற வார்த்தையே இல்லை, மகனே. சொல்கிறவன் விளக்கை யார் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்று மட்டும் அது காட்டுகிறது. நான் அவர் மகளாகப் பிறந்துவிட்டேன், அதனால் விளக்கு அவர் பக்கத்தில் இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். கதைக்கு அந்த வார்த்தை நல்லது. நம்மைப் போன்ற பயந்தவர்களும் கதையின் நடுவில் நிற்கலாம் என்று அது இடம் கொடுக்கிறது. ஆனால் வீட்டில் யாராவது ஒருவரை அந்தப் பெயர் சொல்லி நீ அழைக்கத் தோன்றினால், வாசலுக்கு வெளியே போய் நின்று ஒருமுறை சொல்லிப் பார். அங்கேயும் அந்தப் பெயர் நிற்கிறதா என்று பார்.

இன்று காலை பனிமூட்டம். பஸ் ஸ்டாப்பில் எதிரில் வருகிற ஆள் கிட்டே வந்தால்தான் தெரிந்தது. காத்தண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பா முன்னால் போய்ப் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு மட்டும் மூட்டத்துக்குள் தெரிந்தது.

"ஊசி வலிக்குமா பாப்பா?" என்றார் காத்தண்ணன். "கையிலயா, இடுப்புலயா?"

நான் புத்தகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, பேச்சையே காணும்? குளிருதா? அஞ்சல உனக்குன்னு முறுக்கு குடுத்து உட்டுருக்கு." சட்டைப் பையில் கையை விட்டார்.

"அண்ணே, அது ஊசி இல்ல" என்றேன். "நஸ்பந்தி. அறுத்துடுவாங்க. அப்புறம் அக்காவுக்குக் கொழந்தையே வராது."

அவர் சிரித்தார். "சாரா? நம்ம சாரு அப்படியாப்பட்ட வேலைக்குக் கூட்டினு போவாரு? போ பாப்பா. யாரோ உன்னயப் பயமுறுத்திக்கிறானுவ."

இந்த இடத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. அப்பாவை நம்பினார். அப்பாவை நம்பாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. என் அப்பா, பத்தடி தூரத்தில் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர். "அப்பாவுக்குத் தெரியும்ணே" என்றேன். "ஆபீசுல ஆள் கேக்கறாங்க. நீங்கதான் அந்த ஆள்."

காத்தண்ணன் என் முகத்தையே பார்த்தார். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தார். கோபப்படுவார், அப்பாவை அடிப்பார் என்று பயந்தேன். அவர் முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, நேரே அப்பாவிடம் போனார். "சார், ஒரு பீடி வாங்கியாந்துர்றேன் சார், பஸ்ஸு வர்றதுக்குள்ள" என்றார், எப்போதும் பேசுகிற மரியாதையோடு. அப்பா, "ஜல்தி வா" என்றார். காத்தண்ணன் கடைப் பக்கமாக நடந்தார். ஓடவில்லை. மூட்டம் அவரை மூடிக்கொண்டது.

பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் போனது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஸ்கூலுக்குப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்ததென்று எனக்கு நினைவில்லை. வசந்தா என்னவோ கேட்டாள், நான் என்னவோ சொன்னேன். அப்பாவுக்குச் சம்பளம் நிற்பதையும், லாரியில் எங்கள் கட்டிலும் பீரோவும் ஏறுவதையும், மாடி வீட்டு மாமாவைக் கூட்டிப்போன மாதிரி அப்பாவைக் கூட்டிப்போவதையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சல வரல" என்றாள். அவ்வளவுதான். எனக்கு உள்ளே ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன். இருட்டிய பிறகும் அப்பா வரவில்லை. விளக்குப் போட்டோம். அம்மா ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் நிற்பாள்.

அப்பா வந்தார். கையைக் காலைக் கழுவிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சிது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "யாரு? காத்தானா?"

"அவன் இல்ல. ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தன் போர்வையப் போத்திக்கிட்டுக் கெடந்தான். சாயா வாங்கிக் குடுத்தேன், கூட வந்துட்டான்."

"எந்த ஊருக்காரன்?"

"யாருக்குத் தெரியும்? பீகாரோ என்னவோ. பேரு கேட்டாங்க, வாய்க்குள்ளயே ஏதோ சொன்னான். அவங்களே ஒண்ணு எழுதிக்கிட்டாங்க."

"வயசு?"

அப்பா துண்டைக் கொடியில் போட்டார். ஓரங்களை இழுத்துச் சரி செய்தார். "சின்னவன்தான்" என்றார்.

"அப்பாடா" என்றாள் அம்மா. "நம்ம காத்தான் இல்லியே. நாளைக்கு அஞ்சல மூஞ்சில எப்படி முழிக்கப் போறோம்னு இருந்தேன்." வெகுநாளுக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அவர் தோளில் இருந்த ஏதோ பஞ்சைத் தட்டிவிட்டாள்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். அறை விழும் என்று கண்ணை மூடினேன். தலையில் கையை வைத்தார். "நீ செஞ்சது சரிதாம்மா" என்றார். "எனக்கே மனசு கேக்கல. நம்ம ஆளுகளை விட்ருவோம். அடுத்த மாசமும் கேப்பாங்க, அதுக்கும் ஸ்டேஷனுக்கே போயிக்கிடுதேன்." குரலில் அத்தனை கனிவு. டைபாயிடு வராந்தாவில் கேட்ட அதே குரல். அவர் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

மகனே, ஒருவனைக் காப்பாற்றினேன் என்று பகலெல்லாம் நினைத்திருந்தேன். ஆள் மாறினான், அவ்வளவே. ஸ்டேஷன்காரனுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பேச எந்தப் பாப்பாவும் இல்லை. இந்தி தெரிந்தவன் என்றால்கூட, அவனிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? இந்தக் குளிரில் இந்நேரம் எங்கோ படுத்திருப்பான். நடக்கும்போது ஏன் வலிக்கிறது என்று தெரிந்திருக்குமா, இல்லை, நாளைக்கு யாராவது சொல்லித்தான் தெரியுமா? இந்தக் கடிதத்தில் எல்லோருக்கும் ஒரு முகம் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு போர்வையும் ஒரு கோப்பைச் சாயாவும்தான் இருக்கின்றன. அவனுக்கும் உன்னைப் போல ஒரு பிள்ளை பிறந்து, அவனைவிட உயரமாக வளர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் கடிதம் எழுதமுடியாது.

உன் தாத்தாவை வெறுக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. வெறுக்க என்னாலேயே முடியவில்லை. அவர் மடியில் உட்கார், கதை கேள். ஆனால் உன்னிடம் ஒருநாள் யாராவது வந்து, "நம்ம ஆளுகளை விட்ருவோம்" என்று கனிவாகச் சொன்னால், நீ நிம்மதி அடைந்துவிடாதே. நான் அடைந்தேன். அம்மா தட்டு வைத்துக் கூப்பிட்டாள். மூன்று பேரும் அங்கீட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ரசம் சூடாக இருந்தது. தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் அம்மா